இலவசப் புகையில் என் அடுப்பின் பங்கு

ஆலை மூடிவிட்டதா என்று பொன்னேரி ரயிலடியில் இன்னும் சிலர் என்னைக் கேட்கிறார்கள். ஆலைக்கு என்ன கேடு? ஜோராக ஓடுகிறது. மூடியது என் அடுப்படி மட்டும்தான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டுகிற ஆலை அது. அதன் கேண்டீனுக்கு நான்தான் பொறுப்பு. விடியற்காலை லோக்கல் ரயிலில் வந்து இறங்கி, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினால் சாயங்காலம் வரை எடுக்க மாட்டேன். எனக்குக் கீழே மூன்று பெண்கள். அந்த அடுப்படிக்குள் நான் வைத்ததுதான் சட்டம். முதலாளியே வந்தாலும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். வந்திருக்கிறார், கழற்றியும் இருக்கிறார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும் என்பது பேட்டை முழுக்கத் தெரியும்.

அந்த இடத்தை நினைத்தால் எனக்கு வாசனைக்கு முன்னால் சத்தம்தான் ஞாபகத்துக்கு வரும். பக்கத்துக் கொட்டகையில் கம்பி உருண்டு ஓடும்போது என் அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் கிணுகிணுவென்று நடுங்கும். புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் முதல் வாரம் தலைவலி என்பார்கள். அப்புறம் மின்சாரம் போய்ச் சத்தம் நின்றால்தான் அவர்களுக்குத் தலை வலிக்கும். நானும் அப்படித்தான் பழகினேன். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருக்கும் அமைதி எனக்குப் பிடிப்பதில்லை.

சாப்பிட வருகிறவர்களில் எனக்கு ஃபர்னஸ் ஆட்கள் தனி. இரும்புக் கட்டைகளைச் சிவக்கக் காய்ச்சி உருளைக்குத் தள்ளுகிற பெரிய சூளைதான் ஃபர்னஸ். உள்ளே போட்ட கட்டை வெளியே வராமல் அவர்கள் நகர முடியாது. அதனால் எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிப் போன பிறகுதான் வருவார்கள், சட்டை உப்புப் பூத்து, கண் இடுங்கிப்போய். வந்தவுடன் அவர்களுக்குச் சோறு போட மாட்டேன். முதலில் உப்பும் சின்ன வெங்காயமும் போட்ட நீர்மோர். அப்புறம் ஃபேனுக்குக் கீழே கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். உடம்புச் சூடு இறங்கின பிறகுதான் தட்டு. ஒருமுறை சூட்டோடு சூடாகச் சாப்பிட்டு ஒருவர் வாந்தி எடுத்து மயங்கி விழுந்ததிலிருந்து இது என் சட்டம். அவர்கள் வருகிற நேரத்துக்கு இரண்டாவது உலை வைத்துப் புதுச் சோறு வடிப்பேன். ஆறின சோற்றை அவர்கள் முன்னால் வைக்க எனக்கு மனசு வராது.

அவர்களுடைய மேஸ்திரி ஆரம்பாக்கம் பக்கத்து ஆள். பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். சின்னப் பிள்ளைகளை எல்லாம் நைனா என்பார். என்னைவிட ஒன்றிரண்டு வயது பெரியவராகத்தான் இருப்பார், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“அக்கா, நீ மோர் குட்ச்சாதான் சோறுன்ற. எங்க ஊட்டுக்காரி கூட இவ்ளோ சட்டம் பேச மாட்டா.”

“அவ சட்டம் பேசாததாலதான் நீ இப்டி கீற. குடி மொதல்ல.”

இந்தப் பேச்சு ஏறக்குறைய தினமும் நடக்கும். அது நடக்காத நாளில் எனக்கு ஏதோ உப்புப் போட மறந்த மாதிரி இருக்கும்.

அப்போதுதான் புகைக் கணக்கு வந்தது. எங்கள் கம்பியை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள், ஒரு டன் கம்பிக்கு எவ்வளவு கார்பன் புகை விட்டீர்கள் என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். நம் அரசாங்கமும் பெரிய ஆலைகளுக்குக் கார்பன் சந்தை என்று ஒன்றைக் கொண்டுவருவதாகப் பேச்சு. நாம் முன்கூட்டியே பழகிக்கொள்ளலாம் என்று எங்கள் ஆலைக்குள்ளேயே ஓர் ஒத்திகை வைத்தார்கள். அதை நடத்தச் சென்னையிலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்தார். நல்ல பிள்ளை. எவ்வளவு திட்டினாலும் கோபப்படாது. அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வரும்.

ஒத்திகை இதுதான். ஃபர்னஸ், உருளைக் கொட்டகை, லாரி ஷெட், ஆபீஸ், கேண்டீன் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் வருஷத்துக்கு இவ்வளவு புகை விடலாம் என்று சீட்டு கொடுப்பார்கள். சீட்டுக்குக் காசு கிடையாது, இலவசம். எரித்தது குறைந்தால் மிச்சச் சீட்டைப் பற்றாக்குறைப் பிரிவுக்கு விற்கலாம். விற்ற பணம் அந்தப் பிரிவின் ஆயுத பூஜைக்குப் போகும். எங்கள் ஆலையில் ஆயுத பூஜை என்றால் பிரிவுக்குப் பிரிவு போட்டிதான். யார் ஷெட்டில் சீரியல் லைட் அதிகம், யார் பூசணிக்காய் பெரிது என்று ஒரு மாதம் முன்பே சவால் விடுவார்கள். அதனால் விஷயம் எல்லோருக்கும் சட்டென்று புரிந்துவிட்டது.

இலவசம் என்று அதிகாரி சொன்னதும் கூட்டத்தில் ஒரே சிரிப்பு.

“மிக்ஸி, ஃபேனு, கிரைண்டரு எல்லாம் ஊட்டுக்கு வந்துட்சி. இப்ப பொகையும் ஃப்ரீயா சார்?” என்றார் மேஸ்திரி.

சிரித்து முடிப்பதற்குள் பங்கைப் படித்தார்கள். போன வருஷம் யார் எவ்வளவு எரித்தார்களோ அதை வைத்துத்தான் பங்கு. மலை மாதிரி எண்ணெய் எரிக்கிற ஃபர்னஸுக்கு மலை மாதிரி சீட்டு. எனக்கு வந்தது ஒரு கரண்டி அளவு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் அதற்கு முந்தின வருஷம் வரை என் அடுப்படியில் டீசல் அடுப்புதான். ஊஸ் என்று கத்திக்கொண்டு எரியும், சோற்றில் கூட டீசல் நாறும். ஆபீஸ் வாசலில் நின்று கத்திக் கத்தி, கேஸ் அடுப்புக்கு மாற்ற வைத்தவள் நான். கேஸுக்கு வந்ததும் புகை நன்றாகவே குறைந்துவிட்டது. கணக்கு எடுத்த வருஷம் அந்தக் குறைந்த வருஷம்.

“அப்ப நான் டீசலையே இன்னும் ஒரு வருஷம் கொளுத்திகினு இருந்தா எனக்கு நிறைய குடுத்திருப்பீங்க. அப்படித்தானே சார்?” என்று எழுந்து நின்று கேட்டேன்.

“அதுல ஒரு குறை இருக்கும்மா. ஒத்துக்கறேன். எல்லா ஊர்லயும் முதல்ல இப்படித்தான் ஆரம்பிச்சாங்க.”

“ஃபர்னஸுக்கு மட்டும் ஏன் குறைக்க மாட்டேன்றீங்க?”

“குறைச்சா செலவு தாங்காம ஃபர்னஸையே தூக்கி ஆந்திரா எல்லை தாண்டித் தடா ஊர்ப் பக்கம் வெச்சிடுவாங்கம்மா. அங்க போய் அதே புகையைத்தான் விடும். நமக்கு வேலையும் போய், புகையும் குறையாது. அப்படி ஓடிப்போகாம இருக்கத்தான் இலவசம்.”

“சரி, என் அடுப்பு?”

“உங்க அடுப்பு எங்கம்மா ஓடப்போகுது?” என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அந்த நேரத்தில் அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் ஆலைக்கு ஆர்டர் கூடி, ஒடிசா, பீகார் பிள்ளைகள் நிறைய வந்தார்கள். இரவுக்குச் சப்பாத்தி கேட்டார்கள். ஊரை விட்டு வந்த பிள்ளைகள், சோற்றைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டு பட்டினியாகப் படுத்தால் எனக்குத் தூக்கம் வருமா? சாயங்காலம் கிளம்புவதற்கு முன்னால் போட்டுக் கொடுத்தேன். சப்பாத்திக் கல்லுக்குக் கேஸ் அப்படி இழுக்கும். ஆனால் சீட்டு பழைய ஆள் கணக்குக்குக் கொடுத்தது. ஆயுத பூஜைக்கு முன்னாலேயே என் பங்கு தீர்ந்துபோனது. வேறு பிரிவிடம் காசு கொடுத்துச் சீட்டு வாங்கினால் அந்தச் செலவு சாப்பாட்டு விலையில் ஏறும். ஏறினால், வேனில் சாப்பாடு கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிற ஆளிடம் விட்டுவிடலாம் என்று ஆபீஸில் ஏற்கெனவே ஒருவர் வாயைத் திறந்திருந்தார். அந்தப் பேச்சு என் காதுக்கு வந்ததிலிருந்து ஆபீஸ்காரர்கள் யார் வந்தாலும் சண்டைக்குத்தான் நின்றேன்.

மேஸ்திரிதான் கை கொடுத்தார். ஃபர்னஸில் எண்ணெய் குறைவாகக் குடிக்கிற புது பர்னர் மாற்றினதில் அவர்களுக்குச் சீட்டு மிச்சம். என்ன விலை என்று கேட்டேன். பொய்க்கோபம் காட்டினார்.

“இன்னா அக்கா, உன்கிட்ட டப்பு வாங்கிகினு நாங்க பூஜ போடணுமா? சும்மா எட்த்துக்கோ. அட்த்த வருஷமும் தரேன்.”

அந்த ஆயுத பூஜைக்கு ஃபர்னஸில் ஒரே ஒரு மாலை, கொஞ்சம் பொரி, ஒரு சின்னப் பூசணிக்காய். சீரியல் லைட் கிடையாது. லாரி ஷெட்காரர்கள் கிண்டல் பண்ணிக் கொன்றுவிட்டார்கள். மேஸ்திரி பல்லைக் காட்டிக்கொண்டு திரிந்தார். நான் என் செலவில் ஒரு தூக்கு நிறைய சுண்டல் பண்ணி எடுத்துப் போனேன். என் வாழ்க்கையில் எனக்காக இத்தனை பேர் சேர்ந்து ஒன்றை விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் தடவை. சுண்டலை அவர்கள் கையில் நானே அள்ளி வைத்தேன்.

தை மாசம் பிறந்தது. அடுப்படிக்குச் சுண்ணாம்பு அடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வர வேண்டியிருந்தது. ஞாயிறு ஆலைக்கு லீவு. தட்டுகள் ஆடாமல் அசையாமல் இருந்தன. ஜன்னலைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஃபர்னஸ் புகைபோக்கிக்கு மேலே காற்று நெளிந்துகொண்டிருந்தது. உள்ளே தீ முழுசாக எரிந்தால்தான் அப்படி நெளியும். உருளை ஓடாத நாளில் எதற்கு எரிகிறது?

போய்ப் பார்த்தேன். உள்ளே ஒரு கட்டை கூட இல்லை. வெறும் சூளை தகதகவென்று எரிகிறது. எதிரில் மேஸ்திரியும் இன்னும் இரண்டு பேரும் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னா மேஸ்திரி இது? யாருக்கு எரியுது?”

முதலில் செங்கல் குளிர்ந்தால் வெடிக்கும் என்றார். பத்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமை குளிராத செங்கலா? விடவில்லை நான். கடைசியில் அவரே சொன்னார்.

“உனக்காகத்தான்கா எரியுது. சார் சொல்லிகீறாரு, இந்த வருஷம் எவ்ளோ எரியுதோ அத்த வெச்சிதான் அட்த்த வருஷப் பங்காம். பர்னர் மாத்தி மிச்சம் காட்டினா, அந்த மிச்சத்த வெட்டிடுவாங்களாம். வெட்டிட்டா உனக்கு எங்கருந்து தர்றது? அதான், லீவு நாள்ல கொஞ்சம் ஏத்தி வெக்கறோம்.”

கூட இருந்த இருவரும் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கின பிள்ளைகள் மாதிரி என்னைப் பார்த்தார்கள். நியாயமாக நான் அழுதிருக்க வேண்டும். கத்தினேன்.

“அறிவு கீதாயா உங்களுக்கு? ஒரு அண்டா சாம்பாரு வெக்க, டேங்கு டேங்கா எண்ணெய வெறும் சூளையில கொளுத்துவீங்களா? என் அடுப்பு வருஷம் பூரா எரிஞ்சாலும் இந்த ஒரு நாளு எரியறது எரியாதே! நிறுத்து மொதல்ல.”

“நிறுத்தினா வேன் சோறு வரும்கா. வேன் வந்து எறக்கிட்டு அது பாட்டுக்குப் போய்க்கினே இருக்கும். நாங்க வந்து பாத்தா சோறு கல்லாட்டம் இருக்கும். மோர் குடு, ஃபேனுக்குக் கீழ ஒக்காருன்னு எவன் சொல்வான்?” அவர் குரல் ஏறவே இல்லை. “நீ போக்கா. சுண்ணாம்பு காஞ்சிடும்.”

அடுத்த ஞாயிறு எனக்கு வேலை எதுவும் இல்லை. ஆனாலும் ரயிலேறி வந்து, மதில் ஓரமாக நின்று பார்த்தேன். புகைபோக்கிக்கு மேலே காற்று நெளிந்துகொண்டுதான் இருந்தது.

அந்த மேஸ்திரி நான் சொல்லிக் கேட்கிற ஆளில்லை. என் அடுப்பு இருக்கிற வரைக்கும் அந்த மனுஷன் எரித்துக்கொண்டுதான் இருப்பார். ஒருநாள் யாராவது மீட்டரைப் பார்ப்பார்கள். லீவு நாளில் திருட்டுத்தனமாகச் சூளை மூட்டினதற்கு மூன்று பேர் வேலையும் போகும். அதிகாரியிடம் போய் மறைமுகமாகக் கேட்டுப் பார்த்தேன், கேண்டீன் பங்கைக் கூட்டித் தர வழி உண்டா என்று. ஒத்திகை விதியை வருஷத்துக்கு நடுவில் மாற்ற முடியாது, அடுத்த முறை கட்டாயம் எழுதிப் பார்க்கிறேன் என்றார். உண்மையாகத்தான் சொன்னார். முகத்தில் வருத்தம் தெரிந்தது. ஆனால் அடுத்த முறைக்கு நடுவில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன.

மறுநாள் நானே ஆபீஸுக்குப் போய், சாப்பாட்டை வெளியே விட்டுவிடுங்கள் என்றேன்.

“நேத்து வரைக்கும் சண்டை போட்டீங்களேம்மா!” என்று அதிகாரி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“கால் வலிக்குது சார்” என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அங்கேயே உடைந்துபோயிருப்பேன்.

கடைசி நாள் வத்தக்குழம்பும் உருளைக்கிழங்கு வறுவலும் பண்ணினேன். ஃபர்னஸ் ஆட்கள் வழக்கம் போலக் கடைசியில் வந்தார்கள். மேஸ்திரி மோர் டம்ளரைத் தானே எடுத்துக் குடித்தார். தானே போய் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தார். சாப்பிட்டு முடித்து, தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார். போகும்போது, “நாங்க எரிச்சது தப்புன்னா இன்னும் நாலு தடவ திட்டியிருக்கலாமேக்கா. உன் அடுப்ப இப்டி அணைச்சிட்டியே” என்றார். அவர் என்னிடம் கோபமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். நான் அவர் கவிழ்த்த தட்டைத் துடைத்து அலமாரியில் வைத்தேன். நான் அவருக்காகத்தான் அணைத்தேன் என்று சொல்லியிருந்தால், என் அடுப்பைத் திரும்ப வரவைக்க அவர் மறுபடியும் போய்ச் சூளையை மூட்டியிருப்பார்.

சாப்பாட்டுக் கான்ட்ராக்ட் எடுத்தவர் புதுவாயல் கூட்டுரோடு பக்கம் ஒரு ஷீட் கொட்டகையில் சமைக்கிறார். அனுபவம் உள்ள ஆள் வேண்டும் என்று என்னையே கூப்பிட்டார். போனேன். வேறு எங்கே போவது? அங்கே இருப்பது டீசல் அடுப்பு. கேஸுக்கு மாற்றச் சொல்லி நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். நாலு ஆலைக்குச் சமைக்கிறோம், கட்டுப்படியாகாது என்கிறார். பழைய ஆலைச் சாப்பாடு காலை பத்து மணிக்கே டிரம்மில் ஏறிவிடும். நான் வடித்த சோறுதான், நான் தாளித்த சாம்பார்தான். அங்கே போய்ச் சேர்ந்து, எல்லோரும் சாப்பிட்டு முடித்து, ஃபர்னஸ் ஆட்கள் கைக்கு வரும்போது அது என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதில்லை. யோசித்தால் கை ஓடாது.

சித்திரை வெயிலில் ஒரு காலை, டீசல் அடுப்பின் முன்னால் நிற்கும்போது மேஸ்திரி போன் பண்ணினார். கோபம் போய்விட்டது, குரலிலேயே தெரிந்தது. ஞாயிறுகளில் சூளை குளிர்ந்துதான் கிடக்கிறது என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார். அப்புறம் இழுத்தார்.

“அக்கா, புதுப் பங்கு குட்த்துட்டாங்க. கேண்டீன் அடுப்பு இல்லல்ல, அதனால ஆலையோட பொகை கொறஞ்சிட்சின்னு சாருக்கு ஒரு ஷீல்டு வேற. உன் பங்க எங்க கணக்குல சேத்துட்டாங்கக்கா. ஃப்ரீயா. இன்னா பண்றதுன்னு தெர்ல.”

அடுப்புச் சத்தத்தில் முதலில் சரியாகக் காதில் விழவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். திரும்பவும் அதையேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்.

“இங்க ஒரு அடுப்பு எரியுதே, மேஸ்திரி. அதே சோறுதானே வேகுது. இதுக்குக் குடுக்க முடியுமான்னு சார்கிட்ட கேளேன்.”

“கேட்டன்கா. கேட்காம இருப்பேனா? ஆலை கேட்டுக்கு வெளிய எரியறது கணக்குலயே வராதாம்.”

சரி, வைத்துவிடு என்றேன். வேன் வந்து நின்றிருந்தது. அவர் தட்டுக்குப் போகிற சோற்றை டிரம்மில் போட்டு, மூடியை இறுக்கி அடைத்தேன்.